இமிழ் கிரகத்தில் துமி சாகவில்லை

பழனி அடிவாரம்
6 ஜூலை 2025

வள்ளிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். எத்தனை செய்தி அனுப்பியும் ஒன்றும் உன்னிடம் வந்து சேரவில்லை. தபால்காரரைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

இன்று காலை கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் மேகம் விலகியிருந்ததால், பேத்துப்பாறையிலிருந்து சோலை வானொலி அடிவாரம் வரை தெளிவாகக் கேட்டது. அண்ணன் கிபாயத்துல்லா பொம்மைகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தை கிலுகிலுப்பையை விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உன் ‘இமிழ்’ நாடகம் தொடங்கியது. முடியும்போது துமி செத்துப்போயிருந்தாள்.

துமி, வள்ளி! நான் குரல் கொடுத்த துமி. அவள் சாவதற்குக்கூட என் குரல் உனக்குத் தேவைப்படவில்லை. யாரோ ஓடிவந்து, “ஊரார் பயத்தையெல்லாம் சுமந்து சுமந்து துமியின் நெஞ்சு வெடித்துவிட்டது” என்கிறார்கள். உடனே சோக இசை. அண்ணன் தூசித் துணியைக் கீழே போட்டுவிட்டு, “என்னா இது, ஒங்க வள்ளி இப்படிப் பண்ணிப்புட்டா?” என்று என்னைப் பார்த்தான். 

இமிழ் உன் ஒருத்தியின் கிரகம் இல்லை. கொடைக்கானலில் விடுதி அறையில், மழை விடாத ஒரு வாரத்தில், நாம் இருவரும் போர்வைக்குள் உட்கார்ந்து கட்டிய கிரகம். பனிமூட்டம் ஒருநாளும் விலகாத உலகம். அங்கே ஒருவர் முகம் மற்றவருக்கு முழுதாகத் தெரியாது. அதனால்தான் அவர்களுக்கு அந்தச் சக்தி வந்தது. ஒருவர் பயத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ளலாம். உள்ளங்கையை உள்ளங்கைமேல் வைத்து, “கொடு, நான் வைத்திருக்கிறேன்” என்றால் போதும். பயந்தவர் தன் வாயால் கேட்க வேண்டும், கேட்காமல் எடுக்கக் கூடாது. இது நீ வைத்த விதி. அடுத்தவர் பயம் நமக்குக் கனமாக இருக்கும், பயமாக இருக்காது. இது நான் வைத்த விதி.

கனத்தால் துமி உட்காரலாம், படுக்கலாம், முனகலாம். சாக மாட்டாள். என்மேல் இருந்த கோபத்தில் என் விதியை மீறிவிட்டாய்.

ஒத்திகைக்கு நான் வராததற்குக் காரணம் உண்டு. ஒரு சோலி. அதை இப்போது எழுத முடியாது.

ஜஹனாரா

*

கவுஞ்சி
12 ஜூலை 2025

குரலரசி ஜஹனாரா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ‘ஒரு சோலி’யாம். நல்லது.

கவுஞ்சியிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்து, கொடைக்கானலில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி நான் பேத்துப்பாறைக்கு வந்து உட்கார்ந்திருப்பேன். வானொலி நிலையத்தில் குமரகுரு சார் ஒலிப்பதிவுக் கருவியைத் துடைத்துத் துடைத்து வைப்பார். நீ வர மாட்டாய். போன் அடித்தால் எடுக்க மாட்டாய். கடைசியில் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தயங்கித் தயங்கி, “அவ பேச மாட்டாம்மா” என்றார். நான்கூட உன்னிடம் பேசத் தகுதியில்லாதவளாகிவிட்டேன் என்று புரிந்தது. அன்றைக்கு மலை ஏறும் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து உன் எண்ணைத் தடுத்தேன். அப்புறம் துமியைக் கொன்றேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்? குரல் இல்லாத துமியை வைத்து எத்தனை வாரம் ஓட்டுவது?

கொன்ற பாவத்தை நானும் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேரட் கழுவுகிற இடத்தில் ஒருத்தியும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. டீக்கடையில் பொன்னுச்சாமி அண்ணன், “துமிய அநியாயமா சாகடிச்சிட்டியேத்தா” என்று சொல்லிவிட்டு டீயை ‘ணங்’கென்று வைக்கிறார். என் வீட்டுக்காரர் சிவமுருகன்கூட இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இன்னொன்று சொல்ல மனசில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேரட் வேன் ஓட்டுகிற சுப்புராஜ் உனக்குத் தெரியும். ஆள் பார்க்க மலைமாடு மாதிரி இருப்பான். சொத்தைப் பல்லோடு மாதக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தான், பல் டாக்டர் என்றால் அவ்வளவு பயம். போன வாரம் அவன் பெண்டாட்டி மணிமேகலை வாசலில் வைத்து அவன் கையைப் பிடித்து, “வாயைத் தொறந்து கேளுங்க, நான் வச்சிருக்கேன்” என்றிருக்கிறாள். இவனும் வெட்கத்தோடு கேட்டிருக்கிறான். போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்! ஊர் முழுக்கப் பொக்கையைக் காட்டிக்கொண்டு திரிகிறான். மணிமேகலையிடம், “உனக்கு எப்படிடி இருந்துச்சு?” என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“பயமெல்லாம் இல்லக்கா. கனமா இருந்துச்சு. அவுக வெளிய வர்ற வரைக்கும் நெஞ்சுல ஒரு மூட்டை கெடந்த மாதிரி.”

அவள் அந்த விதி வருகிற பகுதியைக் கேட்கவே இல்லை, ஜஹனாரா. அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது. இதை ஒப்புக்கொள்வதால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நாடகத்தை விட்டுப் போவதென்றால் ‘போகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போ.

சண்முகவள்ளி

*

பழனி அடிவாரம்
18 ஜூலை 2025

வள்ளி,

அண்ணன் சொன்னது உண்மை. நான் பேச மாட்டேன். உன்னிடம் மட்டும் இல்லை, யாரிடமும்.

ஜூன் முதல் வாரத்தில் மதுரையில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் தெரிந்துவிட்டது, நீ உடனே கண்ணைக் கசக்காதே. சில நாள் வாயைத் திறக்கவே கூடாது என்றார் டாக்டர். “குரல் பழையபடி வரலாம், கொஞ்சம் மாறியும் வரலாம்” என்றும் சொன்னார். அந்த ‘மாறியும்’ என்ற சொல்லோடுதான் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய். “ஒண்ணும் ஆகாதுடி” என்பாய். அந்த வார்த்தையை நம்பிவிட்டு அப்புறம் ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குப் பயந்துதான்.

இனி எழுதப்போவது வீட்டில் யாருக்கும் தெரியாது. பேசலாம் என்று டாக்டர் சொல்லி வாரக்கணக்கில் ஆகிவிட்டது. மறுபரிசோதனைக்கு நான் மட்டும் போனதால் வீட்டில் இன்னும் தடை இருப்பதாக எழுதிக் காட்டிவிட்டேன். தினமும் காலையில் மாடிக்குப் போய் வாயைத் திறப்பேன். திறந்த வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் எழாது. வலி இல்லை. என்ன சத்தம் வருமோ என்ற பயம்தான். என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருள் அந்தக் குரல், வள்ளி. அது போய்விட்டதா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

சரி, அழாதே. இதில் சிரிக்கவும் விஷயம் இருக்கிறது. நான் கடையில் பொம்மை விசில் ஊதித்தான் வியாபாரம் பார்க்கிறேன். ஒரு ஊதல் என்றால் ‘இருக்கு’, இரண்டு என்றால் ‘இல்லை’. பிள்ளைகளெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். வேண்டுமென்றே இல்லாததாகப் பார்த்துக் கேட்கிறார்கள், இரண்டு ஊதல் கேட்பதற்காக. எதிர்க்கடை சஃபீர் தன் கடையிலும் ஒரு ஆளை விசிலோடு நிறுத்தலாமா என்று அண்ணனிடம் யோசனை கேட்டான்.

நீ என்னைக் ‘குரலரசி’ என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கவில்லை.

ஜஹனாரா

*

கவுஞ்சி
23 ஜூலை 2025

அடி ஜஹனாரா,

உன் கடிதத்தைப் பூண்டு வயலில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கையில் இருந்த மண்வெட்டியை வீசி எறிந்தேன். அது கீழ்ப்பாத்திக்குப் போய் விழுந்தது. சிவமுருகன், “யாரு மேல கோவம்?” என்றார். “என் மேலதான்” என்று கத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். நீ அழாதே என்று எழுதியிருக்கிற இடத்தில்தான் சரியாக அழுகை வந்தது.

குரலரசி என்று எழுதிய என் கையை என்ன செய்யலாம், நீயே சொல்.

‘ஒண்ணும் ஆகாதுடி’ என்று இப்போது சொல்ல மாட்டேன். குரல் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? உன் பயத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் விதி இருக்கிறதே. நீ வாயால் கேட்கவில்லை. பாழாய்ப்போன விதியை நானே வைத்துத் தொலைத்திருக்கிறேன்.

அதனால் முதலில் நான் கேட்கிறேன். எனக்கும் ஒரு பயம் வந்திருக்கிறது. ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வானொலிக்கு ஆண்டுவிழா. பேத்துப்பாறை பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, ஜனங்கள் முன்னால், ‘இமிழ்’ நேரடி ஒலிபரப்பு. துமியை எப்படியாவது பிழைக்க வைக்கச் சொல்லி மலை முழுக்க நெருக்குகிறார்கள். எழுதிவிட்டேன், அவள் பிழைக்கிறாள். நிம்மதியா? ஆனால் அவளுக்கு யார் குரல் கொடுப்பது? குமரகுரு சார், “எழுதுனவுகளே பேசிருங்க, வேற ஆளு இல்ல” என்கிறார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? கல்லூரி விழாவில் நன்றியுரை சொல்ல மேடையேறி, ‘அனைவருக்கும்’ என்ற சொல்லோடு மயங்கி விழுந்தவள். மைக்கைப் பார்த்தாலே திரும்பி ஓடுகிறவள்.

கீழே ஒரு கை இருக்கிறது பார். செம்மண் ஈரத்தில் தோய்த்து நானே பதித்தது. காய்ந்து கொஞ்சம் உதிரும், பரவாயில்லை. அதன்மேல் உன் உள்ளங்கையை வை. வைத்துவிட்டாயா? இப்போது வாய்விட்டுச் சொல்கிறேன். வரப்பில் பக்கத்தில் சிவமுருகன் சாட்சி: ஜஹனாரா, என் மைக் பயத்தை எடுத்துக்கொள்.

உன் எண்ணைத் தடுத்திருந்ததை உன் கடிதம் படித்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். இருந்தாலும் தபாலிலேயே எழுது. கைப்பேசியில் கை பதிக்க முடியாது.

உன் வள்ளி

*

பழனி அடிவாரம்
30 ஜூலை 2025

அன்புள்ள வள்ளி,

கொடு. நான் வைத்திருக்கிறேன்.

இதை எழுத்தில்தான் சொல்ல முடிந்தது. வாங்குகிறவர் வாயால் சொல்ல வேண்டும் என்று விதி இல்லையே.

கையை வைத்தபோது அம்மா பார்த்துவிட்டார்கள். “மண்ணைப் போயி ஏம்மா தடவுறே?” என்றார்கள். விஷயத்தை எழுதிக் காட்டினேன். என்னை ஏசுவார்கள் என்று நினைத்தேன். “அடுத்தவுகளுக்காக அல்லாகிட்ட கேக்குற துஆ வெரசாப் போயிச் சேரும்மா. நல்லா வை கையை” என்று சொல்லிவிட்டு, தன் கையையும் என் கைமேல் வைத்தார்கள். ஆகவே உன் பயம் இப்போது பழனியில் இரண்டு பேரிடம் இருக்கிறது.

கனமாகத்தான் இருக்கிறது. நேற்றெல்லாம் படியேறும்போது யாரோ மேல்மூச்சு வாங்கச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் ஒரு மைக்கை நினைத்துப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. பாவம், ஒரு இரும்புத் துண்டுக்கா இவ்வளவு?

கடை வாசலில் உட்கார்ந்து இன்று முழுக்க ஒன்றைக் கவனித்தேன். காவடி எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்காக எடுக்கவில்லை. மகனுக்கு உடம்பு சரியில்லை, அப்பா காவடி எடுக்கிறார். தங்கைக்குப் பரீட்சை, அக்கா படியேறுகிறாள். வேதனை ஒருவருக்கு, தோள் இன்னொருவருக்கு. நாம் என்னவோ தொலைதூரக் கிரகத்துக்கு ஒரு அதிசயச் சக்தியைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தோம். என் கடை வாசலில் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

இனி பாடம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில். நேராகப் பேசாதே, கொஞ்சம் ஓரமாக. இல்லாவிட்டால் ‘ப’ எல்லாம் வெடிக்கும். முதல் சொல்லுக்கு முன்னால் மூச்சை முழுக்க விட்டுவிட்டு, அப்புறம் இழு. கூட்டத்தைப் பார்க்காதே, ஒரே ஒரு ஆளைப் பார். துமி எழுந்திருக்கும்போது கத்தக் கூடாது. தூங்கி எழுந்தவள் தண்ணீர் கேட்பதுபோல் மெதுவாக.

என் பயத்தைப் பற்றிக் கேட்காதே. இன்று காலையும் மாடிக்குப் போனேன். கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. இன்னும் முடியவில்லை.

ஜஹனாரா

*

கவுஞ்சி
11 ஆகஸ்ட் 2025

ஜஹனாரா! ஜஹனாரா!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேற்று நடந்ததில் பாதியை நீ ரேடியோவில் கேட்டிருப்பாய். இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

சுப்புராஜ் தன் வேனைக் கழுவி, கவுஞ்சிப் பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தான். வடகவுஞ்சியிலிருந்து ஒரு கூட்டம். பேத்துப்பாறையில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பந்தலுக்குள்ளேயே மேகம் நுழைந்துவிட்டது. முன்வரிசைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இமிழிலேயே இருப்பதுபோல் இருந்தது.

நாடகம் ஆரம்பித்தது. துமி விழுந்து கிடக்கிறாள். ஊரார் ஒவ்வொருவராக வந்து, அவளிடம் கொடுத்துவைத்த பயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். “இது என்னோடது, இவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?” என்று ஒருத்தி கேட்கிறபோது கூட்டத்தில் ஒரு சிரிப்பு. கடைசி ஆளும் வாங்கிக்கொண்டாயிற்று. இனி துமி கண் விழித்துப் பேச வேண்டும். நான் மைக் முன்னால் போய் நின்றேன். ஒரு சாண் தள்ளி. ஓரமாக. மூச்சை விட்டேன். இழுத்தேன். ஜஹனாரா, ஒன்றும் வரவில்லை.

அமைதி. ஒலிபரப்பில் அது எவ்வளவு நேரம் என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு வெள்ளாமைக் காலம். குமரகுரு சார் கண்ணாலேயே கெஞ்சுகிறார். அப்போது மேகத்துக்குள்ளிருந்து மணிமேகலை சத்தம் போட்டாள்: “வள்ளியக்கா! குடுக்கா, நான் வச்சிருக்கேன்!”

அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒருத்தி, “எங்கிட்ட குடு தாயி!” அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல், “இங்கிட்டுக் குடுங்க, நான் சும்மாத்தான் இருக்கேன்!” பந்தல் முழுக்கக் கைகள். மேகத்துக்குள்ளிருந்து உள்ளங்கைகள் மட்டும் தெரிகின்றன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கிலேயே சொன்னேன்: “ஏங்க, என்கிட்ட இல்லீங்க. ஏற்கெனவே பழனிக்குக் குடுத்து விட்டுட்டேன். அங்க ஒருத்தி வச்சிருக்கா.”

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் துமி பேசிவிட்டாள். தூங்கி எழுந்தவள் தண்ணீர் கேட்பதுபோல், மெதுவாக: “கனமாக இருந்தது. பயமாக இல்லை.” பொன்னுச்சாமி அண்ணன் துண்டால் மூக்கைச் சிந்தினார். மயங்கி விழாமல் கடைசி வசனம் வரை நின்றேன், ஜஹனாரா. நான்!

அப்புறம் நேயர்கள் போனில் பேசுகிற நேரம். முதல் அழைப்பு. குமரகுரு சார், “வணக்கம், சோலை வானொலி, யாரு பேசுறீங்க?” என்கிறார். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. “ஹலோ, சத்தமாப் பேசுங்க.” அப்போதும் மூச்சுதான். சார் துண்டிக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, கரகரவென்று, சரளைக்கல் பாதையில் வண்டி ஏறுகிறதுபோல. “பழனியிலேர்ந்து பேசுறேன். வள்ளி, என் பயம் இந்தா இருக்கு. எடுத்துக்க.”

எனக்கு அடையாளம் தெரியவில்லை. உன் குரலே இல்லை அது. ‘எடுத்துக்க’ என்று முடிக்கிறபோது நீ கடைசியில் ஒரு சின்ன இழு இழுப்பாயே, அதில்தான் பிடித்தேன்.

“குடு, நான் வச்சிருக்கேன்” என்று சொன்னேனா, கத்தினேனா தெரியவில்லை. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். கூட்டத்துக்கு யாரென்று தெரியாது. பழனி நேயர் ஒருத்தர் நாடகத்தைக் கேட்டு உருகிவிட்டார் என்று கைதட்டினார்கள். நானும் சொல்லவில்லை. அது உன் விஷயம்.

உன் பயம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நல்ல கனம். தொண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வெரசா எழுது.

வள்ளி

*

பழனி அடிவாரம்
16 ஆகஸ்ட் 2025

என் வள்ளி,

இனி இந்தப் பக்கம்.

நான் கடைக்குப் பின்னால், பொம்மைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் கைப்பேசியோடு நின்றிருந்தேன். முன்னால் அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். நீ மைக்கில் திணறியபோது எனக்கு ஒரு பயமும் இல்லை, பேசிவிடுவாய் என்று தெரியும். நீ ‘அங்க ஒருத்தி வச்சிருக்கா’ என்றாயே, அந்த இடத்தில்தான் என் கை தானாக வானொலி எண்ணை எடுத்து வைத்தது; நேயர் நேரம் என்றதும் அழுத்திவிட்டது.

நான் பேசியது ஒரு நொடி கழித்து முன்னால் இருக்கும் ரேடியோவில் கேட்டது. அண்ணன் சொல்வதும் கேட்டது: “அட, யாருப்பா இது நம்ம ஊர்லேர்ந்து?” என்று சத்தத்தைக் கூட்டினான். தன் தங்கை என்று தெரியவில்லை அவனுக்கு. அதைக் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ உடைந்தது, மறைக்க மாட்டேன். பழைய குரல் போய்விட்டது, வள்ளி. உண்மையாகவே போய்விட்டது.

‘எடுத்துக்க’ என்று முடித்ததும் ரேடியோ நின்றது. அதே குரல் பின்னறையிலிருந்தும் கேட்டு, அண்ணன் அறை வாசலில் வந்து நின்றிருந்தான். கையில் ஒரு சாவி கொடுத்த குரங்குப் பொம்மை, அது பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. “நீயா?” என்றான். “நான்தான்” என்றேன்.  “இன்னொருக்கா சொல்லு” என்றான். “நான்தாண்ணே.”

“அத்தா குரல்டி இது” என்றான். “அப்படியே அத்தா.”

அம்மாவிடம் கூட்டிப் போனான். எங்களைப் பெற்ற அத்தா இறந்து எத்தனையோ வருடம். “என்னம்மா?” என்றேன், அவ்வளவுதான். அம்மா என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பேச வைத்துக்கொண்டே இருந்தார்கள். “உப்பு எங்கேன்னு கேளு.” “வெளிய மழையான்னு கேளு.” நான் கேட்க, அவர்கள் பதில் சொல்ல, ஒரே சிரிப்பு. சாயங்காலம் வரை சமையல் நடக்கவே இல்லை. டாக்டர் சொன்னதைப் பற்றி நான் எழுதிக் காட்டிய பொய்யும் அப்போதே வெளிவந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

பழைய குரலுக்காக மாடிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அதற்குரியதை அதற்குச் செய்ய வேண்டுமே. இப்போது பரவாயில்லை.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், நேராகச் சொல். துமி இப்படிப் பேசினால் ஒத்துக்கொள்வார்களா?

ஜஹனாரா

*

கவுஞ்சி
21 ஆகஸ்ட் 2025

ஜஹனாரா,

ஊரார் பயத்தையெல்லாம் சுமந்து, செத்தாள் என்று ஒப்பாரி வைத்தபின் எழுந்து வந்தவள் தேன் குரலிலா பேசுவாள்? நான் எழுதிய துமிக்கு இந்தக் குரல்தான் முதலிலேயே வந்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்கள் கவுஞ்சிக்கு வந்து என்னிடம் பேசிக்கொள்ளட்டும்.

வருகிற ஞாயிறு ஒலிப்பதிவு. நான் முதல் பஸ்ஸில் வருகிறேன். நீ வராவிட்டால் இந்தத் தடவை கிரகத்தையே அழித்துவிடுவேன்.

உன் பயத்தைத் திருப்பிக் கேட்கிறாயா? கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதி. இரண்டு நாளாகத் தேடுகிறேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

வள்ளி

*

பழனி அடிவாரம்
25 ஆகஸ்ட் 2025

வள்ளி,

நேற்று நீ கொடைக்கானல் பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்லாமல் தூங்க முடியாது.

பழனி பஸ்ஸில் நல்ல கூட்டம். வடகவுஞ்சியில் ஏறிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மடியில் பீன்ஸ் மூட்டை. பஸ் கிளம்பியதும் பேச்சு துமியைப் பற்றித்தான். முன்பெல்லாம் நான் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தாலே, “துமிதானே நீங்க?” என்று திரும்புவார்கள். நேற்று யாரும் திரும்பவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். எத்தனை நாள் சும்மா இருந்தேன், இன்னும் எதற்கு?

ஒருத்தி சொன்னாள்: “துமி அம்புட்டுப் பேரு பயத்தையும் வாங்குனது தப்பு. ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக்கிட்டிருக்கணும்.”

நான் திரும்பி, “அப்படி இல்லீங்க, துமியால முடியும்கிறதாலதானே வாங்குனா?” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்க நாடகத்தை ஒழுங்காக் கேக்குறதில்ல போல. துமி மனசு எங்களுக்குத் தெரியும்.”

“எனக்கும் கொஞ்சம் தெரியும்” என்றேன்.

“என்னத்தத் தெரியும்? நாங்க மொதல்லேர்ந்து கேக்குறோம்!”

விட்டேனா? வளைவுக்கு வளைவு சண்டை. முன்சீட்டுக்காரர் என் பக்கம் சேர்ந்தார். பின்னால் ஒரு கல்லூரிப் பெண் அவர்கள் பக்கம். பீன்ஸ்காரம்மா ஒரு கட்டத்தில் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி வைத்து, பயத்தை எப்படி வாங்குவது என்று எனக்கே கற்றுக்கொடுத்தாள், வள்ளி! “இப்புடி வைக்கணும். அழுத்தக் கூடாது. இது தெரியாமத்தான் இம்புட்டு நேரம் பேசுனீகளா?” நான் தோற்றுப்போனேன். அடிவாரத்தில் இறங்கும்போது அவள் எனக்கு இரண்டு கை நிறைய பீன்ஸ் கொடுத்தாள், தோற்றவளுக்கு ஆறுதலாக.

இல்லை, இறங்கும்போது என்றா எழுதினேன்? நான் இறங்கவே இல்லை. அவர்கள் இறங்கிய பிறகும் அந்தக் கல்லூரிப் பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்றதும் தெரியாது, எல்லோரும் போனதும் தெரியாது. கண்டக்டர்தான் பக்கத்தில் வந்து நின்று, “அம்மா, மலை எறங்குற வரைக்கும் ஒங்க குரலைத் தவிர இந்த வண்டில வேற சத்தமே கேக்கல. பேசுனது போதும், எறங்குங்க” என்றார்.

ஜஹனாரா